கேஸ் ஷீட்டில் இல்லாத காயம்

டாக்டர் கேட்டதில் எனக்கு மறக்காதது ஒரே ஒரு கேள்விதான். "பையனுக்குத் தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா?"

என் மகன் குணசேகரன் ஸ்ட்ரெச்சரில் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தான். அவன் காலருகே என் மனைவி தனம் நின்றிருந்தாள். "இல்லைங்க டாக்டர்" என்றேன் நான். அந்த இளம் டாக்டர் கேஸ் ஷீட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அடி பட்டிருந்தது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம், காதுக்கு மேல் எத்தனை விரல் தள்ளி என்பதுகூடத் தெரியும்.

எங்கள் குவார்ட்டர்ஸில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். திரும்பி வந்த பிள்ளைக்குத் தொழிற்சாலையில் ஒரு வேலை வாங்கிவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களும் அவர்கள்தான். நான் ஓடியது எங்கே போய் முடிந்தது என்பதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.

நான் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சூப்பர்வைசர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவன். எந்திரத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து, தட்டி, கண்ணாடி வைத்துப் பார்த்து, நல்லது, ஆகாதது என்று பிரிப்பது என் வேலை. குணா பள்ளிப் படிப்பு முடித்ததும் அறுபத்தாறில் ராணுவத்தில் சேர்ந்தான். அவனைச் சேர்த்துக்கொண்டது ஒரு குதிரைப்படை ரெஜிமெண்ட். தனம் அக்கம்பக்கத்தில், "எம் புள்ள குதிரை மேல போவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர்தான் குதிரைப்படை. குதிரைகள் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது எல்லாம் டாங்கிதான். ஆனால் சிப்பாய்க்கு இன்னமும் 'சவார்' என்றுதான் பெயர், குதிரையேறுகிறவன் என்று அர்த்தம். முதல் விடுமுறையில் வந்தவனிடம் தனம், "உன் குதிரைக்கு இன்னாடா பேரு?" என்று கேட்டதையும், அவன் "ஐம்பது டன்னும்மா" என்று சொல்லிச் சிரித்ததையும் இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

அவன் டாங்கியில் பீரங்கி சுடுகிறவன். ஒரு வண்டியில் நாலு பேர்: வண்டித் தலைவர், ஓட்டுகிறவர், சுடுகிறவர், குண்டு போடுகிறவர். குண்டு போடுகிறவன் கன்னியப்பன், அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்துப் பையன். பஞ்சாபில் எங்கேயோ ஒரு முகாமில் இரண்டு பேரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் என்று தெரிந்துகொண்டு ஒட்டிக்கொண்டார்கள்.

எழுபத்தொன்று டிசம்பர்ப் போரில் அவர்கள் வண்டிமேல் ஒரு குண்டு விழுந்தது. குணா அதைப் பற்றி எழுதிய கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். தனத்துக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். 'இடது காதுக்கு மேல் மூன்று விரல் தள்ளி ஒரு சின்ன வெட்டு. ரெஜிமெண்ட் டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், நான் போகவில்லை. எங்கள் வண்டிக்கு வேறு கன்னர் இல்லை' என்று எழுதியிருந்தான். சண்டை நடக்கும்போது உடம்பு சரியில்லை என்று ஒதுங்குவது அவர்கள் ரெஜிமெண்டில் மானக்கேடு. பிளாஸ்திரியோடு போய் வண்டியில் ஏறிவிட்டான். அதனால் எந்த ஆஸ்பத்திரி ஏட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை. தனத்துக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டேன். அவள் பயப்படுவாள் என்றுதான். அப்போது செய்தது தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்துச் செய்ததற்கு அப்படி எந்தச் சமாதானமும் கிடையாது.

எழுபத்து மூன்றில் அவனுடைய ஏழு வருட சேவை முடிந்தது. வெளியே வருமுன் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்கு முன்னால் எனக்கு எழுதினான்: 'மாதம் இரண்டு தடவை தலைவலி வருகிறது. அந்தக் காயம் இருந்த இடத்தில்தான். பரிசோதனையில் சொன்னால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சில மாதம் வைத்துப் பார்ப்பார்களாம். சொல்லலாமா அப்பா?'

இருபத்தைந்து வயது ஆள், பீரங்கி சுட்டவன், அப்பனைக் கேட்டு எழுதினான். நான் அன்றைக்கே பதில் போட்டேன். தொழிற்சாலையில் டாங்கி ஓட்டிச் சோதிக்கும் பிரிவுக்கு முன்னாள் படைவீரர்களை எடுக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. சில மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். தலைக்காயம் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் எந்த வாய்ப்புமே கிடையாது. 'தலைவலி யாருக்குத்தான் இல்லை? ஒரு குறையும் இல்லையென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சேர்' என்று எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். தொழிற்சாலை விண்ணப்பத்தில் 'தலைக்காயம், வலிப்பு உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பியது என் கை. என் கையெழுத்து அவனுடையதைவிட நன்றாக இருக்கும் என்று நான்தான் வாங்கி நிரப்பினேன்.

வேலை கிடைத்தது. இரண்டு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். நிரந்தரம் ஆக இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது அவனுக்கு நோய் வந்தது.

முதலில் லேசான காய்ச்சல். பிறகு தலைவலி. சாப்பிட்டது தங்கவில்லை. நாலாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கிணற்றடியிலேயே விழுந்தான். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் பற்பசை நுரையா, வேறு நுரையா என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கினார். அந்த நிலைமையிலும் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "வெறும் மயக்கம் சார், ராத்திரி சாப்பிடல." வலிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.

எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இங்கே வசதி போதாது என்று சீட்டுக் கொடுத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என்ன நோய், ஏன் வந்தது என்று அங்கே எழுதுவதெல்லாம் திரும்ப எங்கள் தொழிற்சாலைக்கு வரும். ஆம்புலன்ஸில் போகும்போது வழி நெடுக நான் யோசித்துக்கொண்டு போனது அதைத்தான். பூந்தமல்லி சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் முனகினான். நான் அவன் காதருகே குனிந்து, "கேட்டா அடி படலைன்னு சொல்லு" என்றேன். காயம் பட்ட பக்கத்துக் காது அது.

இரண்டாம் நாள் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்தான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவனிடமே நேராகக் கேட்டார். "மிலிட்டரியில இருந்தீங்களாமே. காயம் எதாவது?"

குணா என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "இல்ல சார்" என்றான்.

டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காய்ச்சல், தலைவலி, வாந்தி, வலிப்பு. அடிபட்ட கதை கிடையாது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் காச நோய் பற்றியிருக்கலாம் என்று நினைத்தார்கள். அது அப்போது நிறைய இருந்தது. அதே வார்டில் மூன்று பேருக்கு அதுதான். அதை உறுதி செய்ய முதுகில் ஊசி போடுவார்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கி, முதுகெலும்பின் இடுக்கில் நீளமான ஊசியை இறக்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எடுப்பார்கள். குணாவின் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டது நான்.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் ஏதோ மாற்றம் இருக்கிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள். காசத்துக்கான ஊசியும் மாத்திரையும் தொடங்கினார்கள். அந்த ஊசியைத் தினமும் இடுப்பில் போடுவார்கள். பலன் தெரியப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

முதுகில் ஊசி போட்ட மறுநாளிலிருந்து அவன் அதிகம் தூங்கினான். கூப்பிட்டால் கண் திறப்பான், உடனே மூடிக்கொள்வான். வலது கையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "காசத்துல அப்பிடித்தான் இருக்குமா?" என்று தனம் நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ், "மருந்து வேலை செய்யட்டும்மா" என்றாள்.

ஆண்கள் வார்டில் பகலில்தான் பெண்களை விடுவார்கள். அதனால் தனம் காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் போவாள். அவளுக்குத் துணையாகக் குவார்ட்டர்ஸிலிருந்து யாராவது ஒரு பெண் தினமும் கூட வந்தாள். யார் யார் எந்த நாள் என்று அவர்களுக்குள்ளேயே பேசி வைத்திருந்தார்கள். என் செக்‌ஷன் ஆள் ஒருவர் வேப்பம்பட்டிலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர். அவர் தன் வீட்டு ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். இவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது, "எப்படி சார் திடீர்னு?" என்பதுதான். "காய்ச்சல் முத்திடுச்சு" என்று எல்லாரிடமும் சொன்னேன். அவர்கள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

காச மருந்து தொடங்கி ஐந்தாம் நாள் கன்னியப்பன் வந்தான். அவனும் சேவை முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று ஆள். வார்டு வாசலிலேயே அவன் குரல் கேட்டது.

"இன்னா நைனா, சொல்லி அனுப்ப மாட்டியா? அடுத்த ஊட்டுக்காரன் சொல்லித்தான் தெரியணுமா எனக்கு?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, "மச்சான், டேய், நான்டா கன்னி" என்று குணாவின் கன்னத்தைத் தட்டினான். குணா கண் திறந்து சிரித்தான். சிரிப்பில் வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று.

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். "இன்னா நைனா இது? வாய் கோணிகினு கீது. டாக்டரு இன்னா சொல்றாரு? அந்தக் காயம்..."

அவனை முழங்கையைப் பிடித்து எழுப்பி வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"கன்னியப்பா, இது வேற நோய். காசம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீ அந்தப் பேச்சை இங்க எடுக்காதே. அவனுக்கு இன்னும் மூணு மாசத்துல வேலை நிரந்தரம் ஆகணும். அவங்க அம்மாவுக்கும் தெரியாது."

"நீ படிச்சவன் நைனா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கொண்டுவந்த பழங்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திரும்ப உள்ளேகூட வரவில்லை.

அந்த வராந்தாவை நான் எப்போதும் மறக்க மாட்டேன். ஒரு பெண் ஈரப் புடவையைக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டிருந்தாள். காற்றில் அது என் முகத்தில் வந்து அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று அங்கே நின்று யோசித்தேன். பத்து நாளில் மருந்து பிடிக்கும் என்கிறார்களே, ஐந்து நாள் ஆகிவிட்டதே, இன்னும் ஐந்து நாள்தானே என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் தனம் வந்து கூப்பிட்டபோது குணா கண்ணைத் திறக்கவில்லை. தோளை உலுக்கினாள். முனகல்கூட இல்லை. நர்ஸ் ஓடினாள். அந்த நேரத்தில்தான் கன்னியப்பன் மறுபடி வந்தான். நான்கு நாள் மனசு கேட்காமல் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். இம்முறை என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலருகே குனிந்திருந்த பெரிய டாக்டரிடம் நேராகப் போனான்.

"சார், இவன் தலையில குண்டு அடி பட்டவன் சார். தெரியுமா உங்களுக்கு?"

டாக்டர் நிமிர்ந்தார். "யார் நீ?"

"இவன் கூட ஒரே வண்டியில இருந்தவன் சார். எழுபத்தொண்ணு வார்ல. பனி, முன்னாடி ஒண்ணும் தெர்ல. கரும்புத் தோட்டம். டமார்னு ஒண்ணு வந்து வுழுந்துச்சு. குண்டு உள்ள வர்ல சார், வெளியவே நின்னுடுச்சு. ஆனா உள் பக்கத்து இரும்பு செதிள் செதிளா பேத்துகினு பறந்துச்சு. எங்க தலைவருக்கு தாடை போச்சு. இவனுக்கு இங்க." தன் இடது காதுக்கு மேல் விரலை வைத்துக் காட்டினான். "ரத்தம் ஒழுவிகினே கீது, இவன் சுட்டுகினே கீறான். ரெண்டு நாள் கட்டு, அவ்ளோதான். அப்பறம் அப்பப்ப தலைவலின்னு சொல்லுவான்."

டாக்டர் குணாவின் முடியை விலக்கிப் பார்த்தார். அங்கே தழும்பு இருந்தது, அரிசி அகலத்துக்கு. அவர் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தனம் அப்போது என் பக்கத்தில்தான் நின்றாள்.

அன்று மதியத்துக்குள் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே, ஒரு குருணை அளவுக்கு, வெள்ளையாக ஒரு புள்ளி. கழுத்து ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி இன்னும் சில படங்கள் எடுத்தார்கள். மூளையின் ரத்தக் குழாய்கள் இடம் மாறி ஒதுங்கியிருந்தன. அந்த இரும்புத் துணுக்கைச் சுற்றி மூளைக்குள் சீழ்க்கட்டி வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கையிலோ காலிலோ கட்டி வந்தால் வெளியே வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் கிடையாது, அதனால் மூளையை நெருக்கும். இடது பக்கத்தில் இருப்பதால் வலது கையும் பேச்சும் அடி வாங்குகின்றன. சில வருடம் சும்மா கிடந்த துணுக்கு ஒரு நாள் இப்படிச் செய்வது உண்டாம்.

"இது தெரிஞ்சிருந்தா முதுகுல ஊசி போட்டிருக்க மாட்டேன்" என்றார். மேலே கட்டி அழுத்திக்கொண்டிருக்கும்போது கீழே தண்ணீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி இறங்கிவிடும். மறுநாளிலிருந்து அவன் தூங்கியதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றார். அவன் முழங்காலை மடக்கிப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன் சார்."

"ஒரு பார்ட்டுல விரிசல் இருக்கறது உங்களுக்குத் தெரியும். இல்லைன்னு எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன் சார்."

அவர் ஆப்பரேஷன் காகிதத்தை நீட்டினார். பிழைப்பானா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி என்றார். பேச்சு வருமா என்று தனம் கேட்டாள். முதலில் உயிர் வரட்டும்மா என்றார்.

மண்டை ஓட்டில் துளை போட்டு ஊசியால் சீழை உறிஞ்சினார்கள். ஐந்து நாள் கழித்து மறுபடி திறந்து கட்டியின் உறையையும் துணுக்கையும் எடுத்தார்கள். ரத்தத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் கன்னியப்பன் லாரி ஷெட்டிலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்தான். எங்கள் பிரிவிலிருந்து நான்கு பேர். இரண்டாவது ஆப்பரேஷன் நடந்த அன்று நானும் தனமும் தியேட்டருக்கு வெளியே ஒரே பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆறு மணி நேரத்தில் அவள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான்.

"சொல்லாதேன்னு நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"எனக்குப் படிச்சுக் காட்டறப்போ அதை வுட்டுட்டுப் படிச்சீங்களா?"

"ஆமா."

எழுந்து போய்க் காலி டிபன் கேரியரைக் குழாயடியில் கழுவினாள். கழுவியதை மறுபடியும் கழுவினாள்.

ஆப்பரேஷன் முடிந்து உதவி டாக்டர் அந்தத் துணுக்கைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். முப்பது வருடமாக இரும்பைப் பார்க்கிறவன் நான். வெளிநாட்டு வண்டி, கனத்த தகடு, உட்புறத்திலிருந்து பெயர்ந்த செதிள், ஒரு ஓரம் கத்திபோல இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனம் பார்ப்பதை உணர்ந்ததும்தான் கையை இறக்கினேன்.

உயிர் வந்தது. இரண்டாவது ஆப்பரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் கண் திறந்து அம்மாவைப் பார்த்தான், கன்னியப்பனைப் பார்த்தான். வலது கை தலையணைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு காலை, ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், "எப்படி இருக்கு குணசேகரன்?" என்று கேட்க, அவன் திடீரென்று முதுகை நிமிர்த்தி, தெளிவாக, "டீக் ஹை, சாப்!" என்றான்.

வார்டே சிரித்தது. கன்னியப்பன் அழுதுவிட்டான். "நல்லா கீறேன் சார்னு சொல்றான்மா. ரெஜிமெண்ட்ல ஆபீசர் வந்து கேட்டா இதான் சொல்லணும். காலு ஒடஞ்சிருந்தாலும் இதான்" என்று தனத்துக்கு விளக்கினான். பேசும் பகுதி அடிபட்டவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் மட்டும் முழுசாகத் தங்கிவிடுவது உண்டு என்று டாக்டர் சொன்னார். யோசித்துச் சொல்லும் வார்த்தைகள்தான் வராது, அது மெல்ல மெல்ல வந்தால் உண்டு என்றார்.

இரண்டரை மாதத்தில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தொழிற்சாலைக்குக் காகிதம் போயிற்று. நான் விண்ணப்பத்தில் எழுதியதும் ஆஸ்பத்திரி எழுதியதும் ஒத்துப்போகவில்லை. நலத்துறை அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

"ஏன் சார் மறைச்சீங்க? போர்ல காயம்பட்டு வந்தவங்களுக்குத்தான் முதல் இடம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டு ஒரு சர்டிபிகேட்டோட வந்திருந்தா, டெஸ்ட் பிரிவு இல்லன்னாலும் ஸ்டோர்ல உக்கார வச்சிருப்போமே."

எனக்கு அது தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. காயம் என்றால் தள்ளிவிடுவார்கள் என்பது கேண்டீனில் பேசிக்கொண்ட பேச்சு. பார்ட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு நாளும் முத்திரை குத்தியதில்லை நான். கேண்டீன் பேச்சை மட்டும் பார்க்காமலே முத்திரை குத்திவிட்டேன். ராணுவத்துக்கும் மனுப் போட்டோம். விடுவிப்புப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை என்று சவாரே கையெழுத்திட்டிருக்கிறார் என்று பதில் வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வலது காலை இழுத்து நடக்கிறான். வலது கை விரல்களைத் தினமும் நீவிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடங்கி இறுகிவிடும். தனம் காலையும் மாலையும் எண்ணெய் தொட்டுச் செய்கிறாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. 'ம்மா', 'தண்ணி', 'கன்னி.' ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் வந்தால் இருவரும் அரை இந்தியிலும் கைஜாடையிலும் பேசிச் சிரிக்கிறார்கள். "இன்னா மாமே, இன்னிக்கு எத்தினி வார்த்தை புச்சா வந்துச்சு? ஒண்ணு கூட இல்லியா? சோம்பேறி!" என்று அவன் சீண்டுவான். குணா இடது கையால் அவனை ஓங்கி அடிப்பான்.

விரல்களைப் பிரிக்கும்போது வலிக்கிறது என்று தனத்திடம் சொல்கிறான். "வலி... வலிக்கு...து" என்று தேடித் தேடிச் சொல்கிறான். அவளிடம் எந்த இடம் என்று காட்டுகிறான். கன்னியப்பனிடம் முகத்தைச் சுளித்து, கெட்ட வார்த்தையே சொல்கிறான். அது முழுசாக வருகிறது.

நான் கேட்டால் மட்டும் அந்த ஒரு வாக்கியம்தான். வலிக்குதா குணா? டீக் ஹை, சாப். பசிக்குதா? டீக் ஹை, சாப். முதுகை நிமிர்த்திக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறான். டாக்டரிடம் போய் இதைக் கேட்டேன். எந்த வார்த்தை எப்போது வரும், யாரைப் பார்த்தால் வரும் என்று சொல்ல முடியாது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதை நம்பத்தான் பார்க்கிறேன்.

நேற்று தனம் சமையலறையில் இருந்தாள். குணா கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை. அழுத்தியது காயம் பட்ட பக்கம்தான். மறுபடியும் சீழ் கோக்கலாம், தலைவலி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எதிரே போய் மண்டி போட்டு உட்கார்ந்தேன். "குணா, தலை வலிக்குதாப்பா? அப்பாகிட்ட சொல்லுப்பா."

கையை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டான். நிமிர்ந்தான். "டீக் ஹை, சாப்."

எழுந்து போய்த் தனத்தைக் கூப்பிட்டேன். "நீ கேளு. நான் வெளிய போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தெருவில் நின்றேன். நான் போய்விட்டேனா என்று பார்த்துக்கொண்டான் போலிருக்கிறது. பிறகுதான் உள்ளே அவன் அவளிடம் சொல்ல ஆரம்பித்தான்.